மூன்று அடையாள அட்டைக் கொப்பிகள்: ஹட்டன் பக்கத்து ஒரு கடன் கேஸ்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, 2019இல் ஒரு நிதிக் கம்பெனியிடம் குழுக் கடன் எடுத்தார். நாற்பதாயிரம் ரூபாய், கிழமைக்கு ஒரு கட்டு. கொரோனா காலத்தில் நடுவில் சில மாதம் நின்றது. 2021 கடைசியில் முழுவதையும் கட்டி முடித்துவிட்டார். 2025இல் மகளின் படிப்புக்காக வங்கியில் கடன் கேட்கப் போனபோது, "கிரிப்பில உங்க பேர் இருக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கிரிப் என்பது யார் யாருக்கு என்ன கடன் இருக்கிறது என்று பதிந்து வைக்கும் பணியகம். யாரோ ஒருவருக்கு அவர் பிணை நின்றிருக்கிறார், அந்தக் கடன் கட்டப்படாமல் கிடக்கிறது என்பது பதிவு. அவருக்குத் தெரிந்து அவர் யாருக்கும் பிணை நின்றதில்லை.

ஹட்டன் டவுனில் நாங்கள் சிலர் சேர்ந்து மனுவும் முறைப்பாட்டுக் கடிதமும் எழுதிக் கொடுக்கிறோம். இந்தக் கேஸ் அப்படித்தான் எங்கள் மேசைக்கு வந்தது. ஆளின் பெயர், தோட்டம், கம்பெனி, வங்கி எதையும் இங்கே எழுதவில்லை. எழுதி முடித்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு விவரங்களை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

வந்த அன்று அவர் கேட்டது வங்கிக் கடனைப் பற்றிக்கூட இல்லை. "காசு கட்டி முடிச்சாச்சு தம்பி. நான் குடுத்த கொப்பியத் திருப்பித் தரச் சொல்லுங்க" என்றார். மூன்று அடையாள அட்டைக் கொப்பி கொடுத்திருந்தார், மூன்றும் வேண்டும். ரொம்ப நியாயமான கேள்வி. ஆனால் இதற்குப் பதில் தேடப் போனால், கம்பெனிகள் சேர்த்து வைக்கும் நம் விவரங்கள் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய சங்கதிக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

கொடுத்தது என்னென்ன

கடன் எடுத்த நாளில் கம்பெனியின் கைக்குப் போனவற்றை அக்காவோடு உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பார்த்தோம். அவருடைய அடையாள அட்டைக் கொப்பி, கணவருடைய கொப்பி, தோட்டத்துச் சம்பளத் துண்டு, அதிலிருந்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், போன் நம்பர், "அவசரத்துக்கு" என்று கேட்டு வாங்கிய இரண்டு சொந்தக்காரர்களின் போன் நம்பர். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் குழுவாக நிறுத்தி எடுத்த படம். வீட்டுக்கு வரும் வழியைக் காட்டும் கையால் வரைந்த வரைபடம். இத்தனையும் நாற்பதாயிரம் ரூபாய்க்கு.

அந்தச் சொந்தக்காரர்கள் இரண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை. கட்டு பிந்திய கிழமைகளில் முதலில் அழைப்பு போனது அவர்களுக்குத்தான்.

அடையாள அட்டைக் கொப்பியைச் சும்மா ஒரு தாள் என்று நினைக்கிறோம். பழைய அட்டையின் இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து கொடுக்கப்படும் 12 இலக்க எண்ணிலும் முறை இதேதான், வருடம் மட்டும் நான்கு இலக்கமாகியிருக்கிறது. ஆக, கொப்பி கூட வேண்டாம், இலக்கத்தை மட்டும் ஒருவர் குறித்து வைத்திருந்தாலே நம் வயது, பிறந்த நாள், ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். அதே இலக்கத்தில்தான் சிம் எடுக்கிறோம், வங்கிக் கணக்குத் திறக்கிறோம், கிளினிக் கொப்பி எழுதுகிறோம். பாஸ்வேர்ட் போனால் மாற்றலாம். இதை மாற்ற முடியாது.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவுக்குத் தமிழ் வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்றாகி எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் தனியார் கம்பெனியின் படிவத்தில் அது இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. கடன் குழுக்களைக் கூட்டும் சென்டர் கூட்டத்தில் பெருவிரலால் காட்டிக் காட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சில பக்கங்களில் தொகையும் பெயரும் நிரப்பப்படாமலே இருந்தன என்று அக்கா சொன்னார். அதே குழுவிலிருந்த இன்னும் இரண்டு பெண்களைத் தனித்தனியாக விசாரித்தோம். அவர்களும் அதையே சொன்னார்கள்.

"ஃபைல் கம்பெனிக்குச் சொந்தம்"

முதலில் கிளைக் காரியாலயத்துக்குப் போனோம். பிணைப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டோம். "அது கம்பெனி டொகுமென்ட், வெளியாட்களுக்குக் காட்ட ஏலாது" என்றார்கள். வெளியாள் என்று அவர்கள் சொன்னது என்னை இல்லை, அக்காவை. தன் கையெழுத்தும் தன் படமும் இருக்கிற ஃபைலுக்கு அவர் வெளியாள்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் சட்டப்படி பார்த்தால் அந்த உத்தியோகத்தர் சொன்னதில் பாதி சரி. தாள் கம்பெனியுடையது, ஃபைல் அட்டை கம்பெனியுடையது, கணினியும் அவர்களுடையது. அதற்குள் இருக்கும் விவரம்? இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வெறும் தரவுக்குப் பதிப்புரிமை இல்லை என்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் ஒரு டெலிபோன் டிரக்டரி வழக்கில் இதே மாதிரித்தான் முடிவு செய்தது: ஊராரின் பெயரும் நம்பரும் வெறும் உண்மைகள், அவற்றுக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. அப்படியென்றால் "என் பிறந்த நாள் என் சொத்து" என்று அக்காவும் சொல்ல முடியாது, "எங்கள் சொத்து" என்று கம்பெனியும் சொல்ல முடியாது. ஆனால் வைத்திருப்பவர்கள் அவர்கள். பூட்டும் சாவியும் அவர்களிடம்.

இதற்கு மருந்தாக "தரவை மக்களின் சொத்தாக்கிவிட வேண்டும்" என்று சொல்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, இந்தக் கேஸுக்குப் பிறகு சுத்தமாக இல்லை. சொத்து என்றால் விற்கலாம், அடகு வைக்கலாம், எழுதிக் கொடுத்துவிடலாம். கையில் காசில்லாத கிழமையில் நாற்பதாயிரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம், "உங்கள் தரவின் உரிமையை இத்தால் கம்பெனிக்கு மாற்றுகிறேன்" என்று ஒரு வரியை அதே ஆங்கிலப் படிவத்தில் சேர்ப்பது எவ்வளவு நேரமாகும்? அவர் கையெழுத்து வைத்திருப்பார். அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

மலையகத்து ஆட்களுக்குத் தேவைப்படுவது, எந்தக் கையெழுத்தாலும் கைவிட்டுப் போகாத அதிகாரம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று பார்ப்பது, பிழையைத் திருத்தச் சொல்வது, கொடுத்த காரியத்துக்கு வெளியே பாவிக்காதே என்று நிறுத்துவது, தேவை முடிந்ததும் அழிக்கச் சொல்வது. ஐரோப்பாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு விதியும், இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த வழியில்தான் போகின்றன. சொத்துரிமை பற்றி அவை பேசவில்லை. வைத்திருப்பவருக்குக் கடமையையும் விவரத்துக்குரியவருக்கு உரிமையையும் எழுதி வைத்திருக்கின்றன.

இது மலைக்குப் புதிதில்லை

நம் விவரம் கம்பெனியின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்று மலையகத்துக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் போகலாம் என்று எழுதிய தாள். அதில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாத ஆளின் கடனை, கங்காணியும் தோட்டமும் எழுதின. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தில் விண்ணப்பிக்க, இத்தனை வருடம் தொடர்ந்து இங்கேயே வசித்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒரு தொழிலாளி எந்தெந்த மாதம் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதற்குச் சாட்சி எது? செக்ரோல். யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதும் அந்தப் பதிவேடு இருந்தது தோட்டக் காரியாலயத்து அலுமாரியில். 2003இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் வரைக்கும் இந்தக் கணக்கு முழுதாகத் தீரவில்லை.

இன்றைக்கும் தோட்டத்தில் குடியிருப்பவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தால் தோட்ட அதிகாரி உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். கடிதம் வருவதும் லயத்துக்கு இல்லை, காரியாலயத்துக்கு. பெரும்பாலான லயன் வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. இந்தக் கேஸிலேயே கம்பெனி அனுப்பிய பதில் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் கிடந்து, அதில் குறிப்பிட்டிருந்த கெடு முடிந்த பிறகுதான் அக்காவின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு எல்லாக் கடிதங்களுக்கும் எங்கள் காரியாலய முகவரியைக் கொடுத்தோம்.

நாங்கள் செய்தது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கமான அந்தச் சட்டம் நல்ல ஆயுதம்தான், தோட்டப்பகுதிகளில் நாங்களே பல தடவை பாவித்திருக்கிறோம். ஆனால் அது பொது அதிகாரசபைகளுக்கானது, இந்த மாதிரி ஒரு தனியார் கம்பெனியின் கதவை அதால் தட்ட முடியாது.

சரி, தரவுப் பாதுகாப்புச் சட்டம்? அங்கேதான் வேதனை. சட்டம் 2022 மார்ச்சில் நிறைவேறியது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023இல் நடைமுறைக்கு வந்தது. பார்க்கும் உரிமை, திருத்தும் உரிமை, அழிக்கச் சொல்லும் உரிமை, கணினியே எடுத்த முடிவை மறுபரிசீலிக்கக் கேட்கும் உரிமை ஆகியவை அடங்கிய பகுதிகளுக்கு 2025 மார்ச் 18 என்று நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் வருவதற்கு முன்பே பின்தள்ளப்பட்டது. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம் என்று எழுதிய சட்டம் புத்தகத்தில் இருக்க, அக்கா கிளைக் காரியாலயத்தில் வெளியாளாக நின்றுகொண்டிருந்தார். கம்பெனிகளுக்குத் தயாராக அவகாசம் வேண்டும் என்பது புரிகிறது. அந்த அவகாசத்தின் விலையைக் கட்டுகிறவர்கள் யார் என்பதையும் அரசு பார்க்க வேண்டும்.

ஆகவே கையில் இருந்த மற்ற இரண்டு வழிகளையும் பிடித்தோம். ஒன்று, கிரிப். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம் அது. ஒருவர் தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே கேட்டு வாங்கலாம். பலருக்கு இது தெரியாது. கடன் மறுக்கப்பட்ட ஒவ்வொருவரும் முதலில் செய்ய வேண்டிய காரியம் இதுதான். அறிக்கையில் அந்தப் பிணைப் பதிவும், எந்த நிறுவனம் அதைக் கொடுத்தது என்பதும் தெளிவாக இருந்தன. கிரிப் தன் விருப்பத்துக்கு எதையும் அழிக்காது. பதிவைக் கொடுத்த நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். ஆகவே சண்டை மறுபடி கம்பெனியோடுதான், ஆனால் இப்போது கையில் ஒரு தாள் இருந்தது.

இரண்டாவது, மத்திய வங்கி. 2023இல் அது கொண்டுவந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், உரிமம் பெற்ற நிறுவனங்கள் வாடிக்கையாளரின் விவரங்களைப் பாதுகாக்க வேண்டும் என்றும், முறைப்பாடுகளை முறையாகக் கையாள வேண்டும் என்றும் சொல்கின்றன. முறைப்பாட்டுக்கு 1935 என்ற அழைப்பு இலக்கமும் இருக்கிறது. கம்பெனியின் தலைமைக் காரியாலயத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புத் திணைக்களத்துக்குப் பிரதி போட்டோம். பிரதி போட்டதற்குப் பிறகு கதவு திறந்தது. கிளையிலிருந்து அவர்களே அழைத்து, வந்து ஃபைலைப் பாருங்கள் என்றார்கள்.

ஃபைலைத் திறந்ததும் அக்கா தன் கொப்பியைத்தான் முதலில் பார்த்தார். வலது பக்க மேல் மூலையில் நீல மையில் ஒரு சென்டர் நம்பர். 2019இல் அவருடைய குழுக் கடனுக்குக் கொப்பி வாங்கிய அன்று, கள உத்தியோகத்தர் எல்லாருடைய கொப்பியிலும் எழுதிய நம்பர் அது. இந்த ஃபைலோ அடுத்த வருடம் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்த தனிக் கடனுடையது. அந்தக் கடனுக்கும் அந்த சென்டருக்கும் சம்பந்தமில்லை. அதாவது ஒரு காரியத்துக்கு வாங்கிய கொப்பியை எடுத்து இன்னொரு காரியத்தின் ஃபைலில் வைத்திருக்கிறார்கள். பிணைப் பத்திரத்தில் கையெழுத்து அக்காவுடையதுதான். ஆனால் திகதியும் தொகையும் வேறு மையில், வேறு கையெழுத்தில்.

குழுக் கடனில் ஒருவருக்கொருவர் பிணைதானே என்று கிளை முகாமையாளர் வாதாடிப் பார்த்தார். இந்தக் கடன் குழுக் கடன் இல்லை என்று அவருடைய ஃபைலையே காட்டினோம். பெரிய சத்தமில்லாமல் முடிந்தது. சில கிழமைகளில், பிணைப் பதிவு நீக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. புதிதாக எடுத்த கிரிப் அறிக்கையிலும் அது இல்லை. பழைய கள உத்தியோகத்தர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். அவர் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் போடுவதை நான் ஏற்கவில்லை. நிரப்பாத பக்கங்களில் கையெழுத்து வாங்கும் பழக்கம் ஒரு ஆளோடு வந்து ஒரு ஆளோடு போவதில்லை.

திருத்தம்தான் முதலில்

இந்தக் கேஸில் இன்னொரு சங்கதி பக்கவாட்டில் வெளியே வந்தது, என் கணக்கில் அது பெரிய சங்கதி. அக்காவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, ஈ.பி.எஃப். பதிவில் ஒரு மாதிரி, கடன் ஃபைலில் மூன்றாவது மாதிரி. தகப்பன் பெயரின் முன்னெழுத்து ஓரிடத்தில் இல்லவே இல்லை. பிறப்புச் சான்றிதழ் எழுதியவர் ஒருவர், தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர், கம்பெனி உத்தியோகத்தர் ஒருவர். ஒவ்வொருவரும் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்ற தோட்டப் பிரிவுகள் இரண்டிலும் ஒரே பெயரில் இரண்டு மூன்று பெண்கள், எல்லாருக்கும் ஒரே தோட்ட முகவரி. பிழையான ஆளின் மேல் பிழையான கடன் ஏறுவதற்கு இதைவிட வசதி வேண்டாம்.

பெயர் வித்தியாசத்தால் ஈ.பி.எஃப். பணம் வருடக்கணக்கில் எடுக்க முடியாமல் அலையும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களை மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் காணலாம். சத்தியக் கடதாசி முடிக்க ஒரு நாள், கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நாள், தொழில் திணைக்களத்துக்கு ஒரு நாள். போகும் ஒவ்வொரு நாளும் பேர் போடாத நாள், அதாவது சம்பளம் இல்லாத நாள்.

தரவு உரிமை பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் அழிப்பதைப் பற்றியே இருக்கிறது, இணையத்திலிருந்து என்னை நீக்கு, என் தேடலை மறந்துவிடு என்று. எங்கள் மேசைக்கு வருகிறவர்கள் கேட்பது அதை இல்லை. என்னைப் பற்றி எழுதியிருப்பதைச் சரியாக எழுது என்கிறார்கள். சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்போது மலையகத்துக்கு முதலில் பயன்படப் போவது திருத்தும் உரிமைதான். அதைக் கேட்கும் படிவம் தமிழில் இருக்க வேண்டும், தோட்டத்திலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறாமல் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிரதேச செயலகத்திலோ தபால் நிலையத்திலோ கொடுக்க ஒழுங்கு செய்யலாம். இதை இப்போதே அதிகாரசபையிடம் கேட்க வேண்டும், விதிகள் எழுதி முடிந்த பிறகு கேட்டுப் பலனில்லை.

கொப்பிகளின் நிலை

அக்கா கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். மூன்று கொப்பிகளில் ஒன்று திரும்பி வந்தது, பிழையான பிணை ஃபைலில் இருந்த அந்த ஒன்று. மற்ற இரண்டும் அவருடைய சொந்தக் கடன் ஃபைலில் இருக்கின்றன. அவற்றைத் தர முடியாது என்று கம்பெனி எழுத்தில் சொன்னது. இதில் கம்பெனி சொல்வது சரி. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி, நிதி நிறுவனங்கள் வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களைத் தொடர்பு முடிந்த பிறகு ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும். கறுப்புப் பணத்தைப் பிடிக்க எழுதப்பட்ட விதி, கொழுந்து பறிப்பவரின் கொப்பிக்கும் அதுவே பொருந்தும். அக்காவுக்கு இதை விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அப்ப ஆறு வருசம் முடிஞ்சா?" என்று கேட்டார். முடிந்தால் வைத்திருக்க அவர்களுக்கு அந்தக் காரணம் இல்லை. கடன் 2021 கடைசியில் முடிந்தது, ஆகவே 2027 கடைசி. அந்தத் திகதியைக் குறிப்பிட்டு, அதற்குப் பிறகு ஆவணங்களை அழித்து எழுத்தில் அறிவிக்கும்படி இப்போதே ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கிளையின் முத்திரையோடு பிரதி வாங்கி வைத்திருக்கிறோம்.

தீராமல் இருப்பது ஒன்று. பிணைப் பதிவு நீங்கிய பிறகும் அக்காவின் போனுக்குக் காப்புறுதிக்காரர்களும் போன் கடன்காரர்களும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். விவரம் எங்கிருந்து போனது என்று கேட்டால், எங்களிடமிருந்து போகவில்லை என்கிறது கம்பெனி. நிரூபிக்க எங்களிடம் வழியில்லை. யார் யாருக்கு விவரத்தைக் கொடுத்தாய் என்று கம்பெனியைக் கேட்டுப் பதில் வாங்க, பார்க்கும் உரிமை நடைமுறையில் இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் மேசைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை சொல்லிக் கொடுக்கிறோம். அடையாள அட்டைக் கொப்பி கொடுக்கும்போது, படத்தையும் இலக்கத்தையும் மறைக்காமல், தாளின் குறுக்கே பேனையால் எழுதுங்கள்: எந்த நிறுவனத்துக்கு, எந்தக் காரியத்துக்கு மட்டும், எந்தத் திகதியில். கீழே கையெழுத்து. நிரப்பாத பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம், வைத்தே ஆக வேண்டுமென்றால் வெற்றிடத்தில் கோடு இழுத்துவிட்டு வையுங்கள், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில உத்தியோகத்தர்கள் முகம் சுளிக்கிறார்கள், "இப்பிடி எழுதின கொப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். அப்படிச் சொல்பவரிடம், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். அக்கா போன மாதம் வங்கியில் அப்படித்தான் கேட்டார். கொப்பியை எடுத்துக்கொண்டார்கள், கடன் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது.